வெள்ளைத் துணியின் பின்பக்கம்

எழுபத்தெட்டில் நம் கிழக்குக் கரையில் சூறாவளி அடித்தபோது உங்களுக்கு எத்தனை வயது? எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சொல்லக்கூடியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தென்னையே இல்லாத செட்டிபாளையம் ஒன்று இருந்தது என்று பின்னால் பிறந்தவர்களிடம் சொன்னால், கிழவி கதை விடுகிறாள் என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வாவியையும் நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தவர்கள் நீங்கள்.

போன மாதம் என் பேரன் கைபேசியை வைத்துக்கொண்டு நிலத்தில் புரண்டு சிரித்தான். ஆறு வயதுப் பயல். என்னடா என்று எட்டிப் பார்த்தேன். இங்கிலாந்தில் எந்தக் காலத்திலோ எடுத்த ஊமைப் படம், கறுப்பு வெள்ளை. மெலிந்த ஒருவன் நீள ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறான், பின்னால் நிற்கிற குண்டு மேஸ்திரியின் மண்டையில் அது மோதுகிறது. மன்னிப்புக் கேட்க மறுபடி திரும்புகிறான், மறுபடியும் மோதுகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் நடித்தவர்கள் செத்து மண்ணாகிப் போயிருப்பார்கள். அவர்களுடைய பாஷை பேரனுக்குத் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கிறான்.

பிறகுதான் எனக்கு அந்த ஏணியைத் தெரிந்தது. அந்த வீட்டையும், கிளிக்கூட்டோடு நிற்கிற வீட்டுக்காரக் கிழவியையும் தெரிந்தது. இனி கூரை முகடு விழப்போகிறது என்று பேரனிடம் சொன்னேன். சொன்னபடியே விழுந்தது. ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. என் நினைவில் அந்த மெலிந்த மனிதன் நின்றது சோற்றுக்கைப் பக்கம். கைபேசியில் அவன் பீச்சக்கைப் பக்கம் நின்றான். இது வேறு படமோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே படம்தான். நான்தான் அதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் காலத்துக்கு வாருங்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து புகுவார். எங்கள் வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று அம்மாவுக்கு, மற்றது அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சின்னம்மாவுக்கு. அம்மாவின் வீட்டுக்கு அப்பா வந்தார். சின்னம்மாவின் வீட்டுக்கு வடக்கே கதிரவெளியிலிருந்து சின்னப்பா வந்தார். அவருக்கு இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. ஆனால் சிரிப்பு இருந்தது. முதலில் மூச்சை உள்ளே இழுப்பார், விக்கல் வந்ததுபோல ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் சிரிப்பு வெடித்து வரும். சின்னம்மா அந்த விக்கலைக் கேட்டதும் தானும் சிரிக்கத் தொடங்கிவிடுவா. வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, "புருசனும் பெண்சாதியும் தொடங்கிட்டாங்க" என்று முணுமுணுப்பா. அவர்களுக்கு ஒரு மகள், இரண்டரை வயது. அவளை எல்லோரும் சின்னவள் என்போம்.

சூறாவளி இரவில் முதலில் போனது சின்னம்மா வீட்டு ஓடுகள். சின்னப்பா சின்னவளைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு கட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். சின்னம்மாவைக் கூட்டிவரத் திரும்பி ஓடினார். அதற்குள் சுவர் விழுந்துவிட்டது. அவரும் அப்பாவும் விடியும்வரை வெறுங்கையால் கல்லைப் புரட்டினார்கள். சின்னம்மாவை வெளியே எடுத்து முற்றத்தில் கிடத்திய பிறகும், சின்னப்பா போய் மிச்சக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பாதான் இழுத்து வந்து இருத்தினார்.

மரங்களெல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தன. ஊர் முழுக்கப் பச்சை ஓலையும் செத்த மீனும் நாறின. அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் சின்னம்மாவின் இழவு. கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் வெள்ளை கட்டுகிறவர் எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துணியைக் காப்பாற்றிக் கொண்டுவந்து தலைக்கு மேலே கட்டினார். ஊரில் மிஞ்சிய ஒரே வெள்ளை அதுதான். விளக்கில் பட்டு அதன் மூலையில் உள்ளங்கையளவு கருகிப்போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே பார்க்கப் பயம்.

சின்னப்பா அழவில்லை. கொள்ளி வைத்தபோதும் அழவில்லை, முப்பத்தோராம் நாளும் அழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வந்தான் வரத்தானுக்கு என்ன துக்கம் என்று கிணற்றடியில் பேசினார்கள். அம்மா அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தா. ஆனால் அவவின் மனதில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

பொங்காத பொங்கல் ஒன்று கழிந்தது. அதற்கடுத்த கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு வான் வந்தது. நிவாரணம் கொடுத்தவர்கள் பிள்ளைகளின் மனம் தேற என்று அனுப்பியது. வானில் ஒரு ஜெனரேட்டர், படம் காட்டுகிற மெசின், தகர டப்பாக்களில் சுருள்கள். திரை மட்டும் வரும் வழியில் நனைந்து பாழாகிவிட்டதாம். படக்காரர் பெரிய வாத்தியாரிடம் வெள்ளைச் சேலை ஒன்று கேட்டார். அந்த நாளில் எவரிடம் வெள்ளைச் சேலை இருந்தது? கடைசியில் வெள்ளை கட்டுகிறவரிடம் ஆள் போனது. மனிதர் தயங்கியிருக்கிறார். பிள்ளைகளுக்காக என்று வாத்தியார் சொன்னதும் தந்திருக்கிறார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாதிக்கு நிவாரண மா மூட்டை அடுக்கியிருந்தது. மிச்ச இடம் ஆண்களுக்கே போதவில்லை. கடற்கரைப் பக்கத்துச் சுவர் விழுந்து திறந்துகிடந்த இடத்தில்தான் துணியைக் கட்டினார்கள். ஆண்களும் பொடியன்களும் உள்ளே. பெண்களும் பெட்டைகளும் வெளியே, துணிக்குப் பின்னால், மணலில். ஒளி துணியைத் தாண்டி வரும், பின்னாலும் படம் தெரியும் என்றார் வாத்தியார். தெரிந்ததுதான். இடம் வலம் மாறித் தெரிந்தது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அம்மா வரவில்லை. இழவு விழுந்த வீட்டுக்காரி ஆண்டு திரும்பும்வரை இப்படியான இடத்துக்குப் போவதில்லை. அப்பா மா மூட்டைக்குக் காவல் என்று போனார். ஜெனரேட்டர் தூக்க ஆள் வேண்டுமென்று அவர் சின்னப்பாவையும் கூட்டிப் போனார். நான் அடம்பிடித்துப் போனேன். போகும்போது அம்மா சொன்னது ஒன்றுதான், என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. எங்கள் வீட்டு ரேடியோ நான்தான். யார் வீட்டில் என்ன கறி, யார் யாரோடு கோபம் என்று அம்மாவின் காதில் போடுவதில் எனக்கு அப்படியொரு பெருமை இருந்தது.

பொழுது பட்டதும் மெசின் ஓடத் தொடங்கியது. மண்ணெண்ணெய் மணம், கடற்காற்று, துணி உப்பி உப்பி விழுகிறது. மூலையில் அந்தக் கருகல். சின்னம்மாவுக்கு மேலே கட்டிய அதே வெள்ளை. பக்கத்தில் இருந்த பெண்டுகளும் அதைக் கண்டிருக்க வேண்டும், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். படத்தில் ஏணி திரும்பியது. முதல் அடிக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது அடிக்கு ஒரு குழந்தை சிரித்தது. பசை வாளிக்குள் மேஸ்திரியின் கால் மாட்டியதும் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்த பெண்டுகள் உடைந்துபோனார்கள். இரண்டு மாதமாக எங்கள் ஊரில் கேட்காத சத்தம் அது. ஒரு கிழவி வெற்றிலைச் சாற்றை முன்னால் இருந்தவளின் முதுகில் துப்பிவிட்டா, அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு முகடு விழுந்தது. மெலிந்த மனிதன் அதற்கு நேர் கீழே நின்றான். துணி முழுக்கத் தூசி. பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. நாங்கள் எல்லோரும் விழுந்த முகட்டைப் பார்த்தவர்கள்தானே. ஓடும் கல்லும் பலகையும் ஒரு குவியலாகக் கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழிந்து குவியலுக்குள்ளிருந்து ஒரு தொப்பி மெல்ல மேலே வந்தது. தொப்பிக்குக் கீழே அவன். எழும்பினான், தூசி தட்டினான், தொப்பியைக் கழற்றி வீட்டுக்காரக் கிழவிக்கு மரியாதை செய்தான்.

அப்போதுதான் துணிக்கு அந்தப் பக்கம் அந்த விக்கலைக் கேட்டேன். பிறகு அந்தச் சிரிப்பு வெடித்தது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே, நிற்காமல், மூச்சு வாங்கி வாங்கி. படம் முடிந்த பிறகும் அது ஓயவில்லை. "இன்னொருக்காப் போடுங்க" என்று சின்னப்பா கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. படக்காரர் போட்டார். தொப்பி மேலே வந்த இடத்தில் மறுபடியும் அதே சிரிப்பு.

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அம்மாவிடம் கொட்டினேன். வெள்ளையைப் பற்றியும் சொன்னேன். அம்மா சின்னவளைத் தட்டிக்கொண்டிருந்தா. கை நின்றது.

"சின்னப்பாவும் சிரிச்சவரா?"

"ஓம். எல்லாரையும் விட அவருதான் பெரிசாச் சிரிச்சவரு. ரெண்டாந்தரமும் போடச் சொன்னவரு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டதைத்தான் சொன்னேன். இத்தனை வருடமாக என்னை நானே அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டு வருகிறேன். அது செல்லுபடியாகவில்லை.

வான் அடுத்தடுத்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. சின்னப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். களுதாவளையில் கண்டார்கள், குருக்கள்மடத்தில் கண்டார்கள். வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் போனாராம். எங்கே போனாலும் அந்த ஒரு படம் போடும்வரை இருப்பாராம், சிரிப்பாராம், எழும்பி வந்துவிடுவாராம். பெண்சாதி செத்து மூன்று மாதம் ஆகவில்லை, மனிதன் படம் பார்க்க ஊர் ஊராகத் திரிகிறான் என்று கிணற்றடியில் புதுக் கதை கிடைத்தது. அதற்கு விதை போட்டவள் நான்.

அம்மா தன் தமையனைக் கூப்பிட்டு அனுப்பினா. மாமா வந்தார். எங்கள் வழக்கத்தில் பிள்ளை தாயின் குடி, தாய்மாமன் சொல்தான் சொல். சின்னப்பா சின்னவளைத் தன்னோடு கதிரவெளிக்குக் கூட்டிப்போய்த் தன் அக்காவிடம் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டார். இல்லாவிட்டால் இங்கேயே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு இருப்பதாகச் சொன்னார். மாமா அம்மாவைப் பார்த்தார். அப்பா வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "எண்ட தங்கச்சிக்குக் கட்டின வெள்ளையில படம் பார்த்துச் சிரிச்ச ஆள் நீங்க. புள்ள இஞ்ச இருக்கட்டும். நீங்க போங்க."

சின்னப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை நிமிரவில்லை. பிறகு சின்னப்பா ஓம் என்று தலையாட்டினார்.

போகிற அன்று காலையில் என்னை வேலியடிக்குக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு துண்டுப் படச்சுருளை எடுத்தார். படுவான்கரையில் சுருள் அறுந்தபோது படக்காரரிடம் கேட்டு வாங்கினாராம். வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நாலைந்து சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குவியலுக்கு மேலே அந்தத் தொப்பி.

"சின்னவள் வளந்தாப்போல குடு மனே," என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். கோபமாகத்தான் வாங்கினேன். அம்மாவின் கோபம் எனக்கும் தொற்றியிருந்தது. போயிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் துண்டைப் பற்பொடித் தகரத்தில் போட்டு முகட்டு வளையில் செருகி வைத்தேன். பெரியவளான பிறகு இடைக்கிடை எடுத்துப் பார்ப்பேன், கொடுக்கத் தோன்றாது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடினோமே, திரும்பி வந்தபோது முகடும் இல்லை, தகரமும் இல்லை. அவள் பொருளை அவளிடம் கொடுக்காமலே தொலைத்தேன்.

சின்னப்பா முதல் இரண்டு வருடம் ஆடி மாதத்தில் வந்தார். தேன் போத்தலும் கருவாடும் கொண்டுவருவார். படலைக்கு வெளியே நின்று சின்னவளைப் பார்ப்பார். அவளுக்கு அவரைத் தெரியாது, அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். மூன்றாவது வருடம் வரவில்லை. பாதைகள் மூடிக்கிடந்த ஒரு காலத்தில் கதிரவெளியில் காய்ச்சலில் செத்துப்போனார். செய்தி எங்களுக்கு வரும்போது எட்டாம் நாளும் முடிந்துவிட்டது. சின்னவளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை, முகம் தெரியாத ஆளுக்கு எப்படி அழுவது என்று கேட்டாள். கல்மனம் பிடித்த தகப்பன், தாய் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், பிள்ளையை விட்டுப் போனவன் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தோம்.

அம்மா செத்து நாலு வருடம் கழிந்து அப்பா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் பின்னேரம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தது. எதையோ பேசிக்கொண்டிருந்தோம், அந்தப் படத்தின் கதையை அவராகவே எடுத்தார்.

"நான் அவருக்குப் பக்கத்திலதான் இருந்தன் மனே. சிரிச்சவர்தான். ஆனா கண்ணால ஒழுகினது. சட்டையெல்லாம் ஈரம். எண்ட கையப் பிடிச்சி நெரிச்சிக்கொண்டு, 'எழும்பிட்டான் அண்ணே, பாருங்க, எழும்பிட்டான்' எண்டே சொல்லிக்கொண்டிருந்தவர்."

எனக்குக் கஞ்சிக் கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அப்பா வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அது உங்கட அம்மாட வீடு. அவவும் தமையனும் பேசிற இடம். நானும் வந்து புகுந்தவன்தானே மனே."

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? அவர் சொன்னதைப் பத்து வருடத்துக்கு மேலாக நானும் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். சின்னவளிடம் அதைச் சொன்னால், சிரித்தார் என்று முதலில் சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும். தகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். துணியின் பின்பக்கம் இருந்து ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு மனிதனைப் பிள்ளையிடமிருந்து பிரித்தவள் நான். அப்போது பத்து வயது, தெரியாது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன வயதைச் சொல்வது?

பேரனின் கைபேசியில் அந்தப் படத்தைக் கண்ட பிறகு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். டவுனில் இருக்கிறாள், ஐம்பதை எட்டப் போகிறாள், மாதத்தில் ஒருதரம் வந்து என்னோடு சோறு தின்னாமல் இருக்க மாட்டாள். விறாந்தையில் இருத்தி, படத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஏணிக்குச் சிரித்தாள். முகடு விழுந்தது, தொப்பி வந்தது. அவளுக்கு மூச்சு உள்ளே இழுத்தது, ஒரு விக்கல், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடமாக அவள் சிரிப்பைக் கேட்டவள் நான். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் காது கொடுக்கவில்லை.

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையைச் சொன்னேன், மணலில் நாங்கள் இருந்ததைச் சொன்னேன், அம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். தகரத்தைத் தொலைத்ததையும் சொன்னேன்.  கைபேசி அவள் மடியில் அணைந்து கிடந்தது.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"அப்பா சிரிக்கிற ஆள் எண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல அக்கா," என்றாள். கைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, "எப்பிடிச் சிரிப்பாரு? சிரிச்சிக் காட்டுங்க," என்றாள்.

உன்னைப்போலத்தான் என்று சொன்னேன். அது போதவில்லை. தன் சிரிப்பு தனக்கு எப்படிக் கேட்கும் என்றாள். அவர் சிரிப்பைக் கேட்ட பெரியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கதிரவெளியில் அவருடைய அக்காவும் இல்லை. அந்தச் சத்தத்தைக் காதில் வைத்திருப்பவள் உலகத்தில் நான் ஒருத்திதான். பேரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் மூச்சை உள்ளே இழுத்து, விக்கி, சிரித்தேன். அது அவருடைய சிரிப்பாக வரவில்லை. இருமலாக வந்தது, பாதியில் அழுகையாகப் போனது.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்கா," என்றாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மூச்சை இழுத்தேன்.